செலவில்லாமல் சூடான குளம்

1

போன ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் என் தங்கையோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, குளத்தில் ஐஸ் படியத் தொடங்கிவிட்டது, இனி மீன்களைக் கவனிக்கவேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"மீனுக்கும் சூடு போடுறனீங்களோ அக்கா?" என்று கேட்டாள்.

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு வருடமும் இங்கே எல்லாம் விலை, மிச்சம் பிடிக்க முடிவதில்லை என்று சொல்லிவந்த அக்கா, மீனுக்குச் சூடு காட்டுகிற அளவுக்கு வசதியாக இருந்துகொண்டு அதை மறைத்திருக்கிறாள் என்று அவள் நினைத்திருப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சந்தேகப்படுவதில் எங்கள் குடும்பத்தில் யாரும் குறைந்தவர்கள் இல்லை.

அதனால் அந்தக் குளத்தின் கதையை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. பக்கத்து வீட்டு மூதாட்டி சோல்வையின் கதையும் அதற்குள் இருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தமிழில் தானே, எனக்கு விளங்கவா போகிறது, எழுது என்றார்.

2

ஒஸ்லோவுக்கு வந்து பல வருடங்கள் அம்மருட்டில் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். பிறகு குரோருட்டில் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே, ஒரே சுவரை இரண்டு வீடுகள் பங்கிடும் வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கினோம். விற்றவர் ஓய்வெடுத்து ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நோர்வேக்காரர். வீட்டோடு ஒரு சின்ன வளவும், வளவின் எல்லையில் ஒரு குளமும், குளத்தில் செம்மஞ்சள் நிறத்தில் கை நீளத்துக்குப் பெரிய மீன்களும் வந்தன. மீனை என்ன செய்வது என்று நான் கேட்டேன். மனிதர் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்து, இவை சாப்பிடுகிற மீன் இல்லை என்றார்.

என் கணவர் கேதீஸ் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். வீட்டில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் தூக்கத்திலிருந்தும் எழுந்துவந்து அணைப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு அந்த மீன்களில் ஏன் அவ்வளவு பிரியம் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகள் அபிரா அப்போது மேல்நிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அப்பாவோடு நோர்வேஜிய மொழியில் பேசுவாள், இவர் தமிழில் பதில் சொல்வார். பிறகு இருவரும் பேசாமலே விட்டுவிட்டார்கள். அந்த வெற்றிடத்துக்குள் மீன்கள் வந்திருக்கலாம்.

முதல் குளிர்காலத்தில் குளம் மேலே உறைந்தது. முழுவதும் மூடினால் அடியில் சேரும் கெட்ட காற்று வெளியே போகாமல் மீன்கள் செத்துவிடும் என்று இவர் நூலகத்தில் படித்துவிட்டு வந்தார். சுத்தியலால் உடைக்கவும் கூடாதாம், அதிர்ச்சியிலேயே சாகுமாம். கொதிநீர்ப் பானையை ஐஸின் மேல் வைத்து ஓட்டை போட்டார். காலையில் போட்ட ஓட்டை வேலையால் வரும்போது மூடியிருக்கும். இரண்டு மீன்கள் செத்தன. ஐஸ் உருகிய பிறகுதான் அவற்றைக் கண்டோம்.

அடுத்த வருடம் இவர் திராமன் நகரில் இருக்கும் ஒரு கூட்டாளி மூலம் குளத்துக்குள் போடும் ஹீற்றர் ஒன்றைக் கொண்டுவந்தார். கையடக்கமான மீன்தொட்டி ஹீற்றர் இல்லை, பெரியது. அதோடு காற்றுக் குமிழ் விடும் பம்ப் ஒன்று. பெட்டியும் இல்லை, விளக்கத்தாளும் இல்லை. எங்கேயாவது களவெடுத்த சாமானோ என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கும் சந்தேகம் போகவில்லை.

குளத்தின் பக்கத்தில் இருந்த பழைய விறகுக் கொட்டிலின் சுவரில் ஒரு பிளக் இருந்தது. ஹீற்றரை அதில் கொளுவினார். அந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து எங்கள் குளம் ஆவி விட்டுக்கொண்டு இருந்தது.

3

அந்த வருடம் மழை போதவில்லை, அணைகளில் தண்ணீர் இல்லை என்று நாடு முழுவதும் கரண்ட் விலை ஏறியிருந்தது. வேலையிடத்தில் எல்லோரும் அதையே கதைத்தார்கள். எங்கள் பில் வந்தபோது நான் பயந்துகொண்டு பிரித்தேன். விலை ஏறிய அளவுக்குத்தான் கூடியிருந்தது, குளத்துக்கென்று ஒன்றும் கூடவில்லை.

இவருக்குச் சந்தோசத்தில் தலை கால் புரியவில்லை. வெப்பத்தைப் பார்த்துத் தானாக அணைகிற சாமான், தேவையான அளவுதான் இழுக்கும், மற்றவர்களுக்கு வாங்கத் தெரியவில்லை என்றார். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் குளத்தடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். எனக்கு அது சரியாகப் படவில்லை. வெளியே மூக்கு விறைக்கும் குளிர். ஒரு குளத்துத் தண்ணீரை இரவு பகலாகச் சூடாக்குகிறது, செலவு மட்டும் இல்லை என்றால் எப்படி? கரண்ட் கம்பனி ஏதோ பிழை விட்டிருக்கிறது, ஒருநாள் மொத்தமாகக் கேட்பார்கள் என்று நினைத்தேன். திராமன் கூட்டாளி மீட்டரில் ஏதும் கைவைத்தானோ என்றுகூட நினைத்தேன். இவரிடம் கேட்டேன்.

"உமக்கு நல்லது நடந்தாலும் சந்தேகம்," என்றார்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. சோல்வை எழுபது கடந்த, தனியாக இருக்கும் பெண்மணி. கணவர் முந்தியே இறந்துவிட்டார். நாங்கள் குடிவந்த புதிதில் கேக் கொண்டுவந்து தந்தவர். அந்தக் குளிர்காலத்தில் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். வீடு எந்நேரமும் இருட்டாகக் கிடந்தது. நான் பின்னேரம் வேலையால் வரும்போது, விளக்கில்லாத யன்னலில் கம்பளிக் கோட்டோடு நின்று எங்கள் வளவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கைகாட்டினால் திரை மூடும்.

யன்னலில் நின்று பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். ஊரில் எங்கள் ஒழுங்கையில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருடைய வாயால்தான் என் மச்சானை ஆமி கொண்டுபோனது. அது வேறு நாடு, வேறு காலம் என்று அறிவுக்குத் தெரிந்தாலும் மனம் கேட்பதில்லை. சோல்வை எதையோ எழுதி எங்கேயோ கொடுக்கப்போகிறார் என்று முடிவு கட்டினேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. ஒரு சனிக்கிழமை அவருடைய மகன் ரூனே வந்து, எங்கள் வளவுப் பக்கம் கைகாட்டித் தாயோடு ஏதோ வாக்குவாதப்பட்டார். என் சந்தேகம் உறுதியானது.

அபிராவை விசாரித்தபோது கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. சோல்வையிடம் வேலியடியில் நின்று இவர் குளத்தைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறார். நோர்வேஜிய மொழியில் குளத்துக்கு 'டம்மென்' என்பார்கள். 'டாமென்' என்று நீட்டினால் பெண்மணி. குறிலையும் நெடிலையும் அரிச்சுவடியோடு படித்த இந்தத் தமிழர், "நான் ஒவ்வொரு இரவும் பெண்மணியைச் சூடாக்குகிறேன், எனக்கு ஒரு செலவும் இல்லை" என்று அந்த மூதாட்டிக்குச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற அபிரா வெட்கத்தில் திருத்தாமலே உள்ளே ஓடிவந்துவிட்டாள்.

நான் சிரித்தேன். ஆனால் அதற்காக ஒருவர் வீட்டை இருட்டாக்கிக்கொண்டு இருப்பாரா?

4

நான் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவித் தாதியாக வேலை செய்கிறேன். பொங்கலுக்குச் சில நாட்களுக்கு முன், எங்கள் மாடிக்கு ஒரு குடும்பம் அறை பார்க்க வந்தது. திரும்பிப் பார்த்தால் சோல்வையும் ரூனேயும்.

சோல்வை என்னைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார். ரூனே எங்கள் பொறுப்பாளரிடம் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. அம்மாவுக்கு மறதி. அடுப்பையோ ஹீற்றரையோ அணைக்காமல் விடுகிறார். கேட்டால் அணைத்துவிட்டேன் என்று சாதிக்கிறார். ஆனால் கரண்ட் பில் பொய் சொல்லுமா? ஒருநாள் வீடு பற்றி எரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

இப்படி எத்தனையோ பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மைதான். இருட்டுக்கும் கோட்டுக்கும் திரைக்கும் காரணம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பாவம், மூளை தளர்ந்துபோகிறது. அவர் எங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்பதில் எனக்குச் சின்ன நிம்மதியும் வந்தது. வேலையிடத்தில் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதால் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படும்போது சோல்வை வராந்தாவில் என்னிடம் தனியாக வந்து நின்றார். அழுகிறாரோ என்று நினைத்தேன். அழவில்லை.

"எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டருக்கு முன்னால் இருந்து பார்க்கிறேன்," என்றார். "அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. அப்படியென்றால் நான் அணைக்கவில்லை, அணைத்ததாக நினைக்கிறேன். இல்லையா?"

நோயாளிகளுக்குச் சொல்கிற மாதிரி ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

5

பொங்கலுக்குப் பாலாஜியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். கோயம்புத்தூர்ப் பொடியன், ஒஸ்லோவில் கணினிக் கம்பனி ஒன்றில் வேலை. அவன் எங்கள் 'ஓம்' கேட்டுச் சிரிப்பான், நாங்கள் அவனுடைய 'ங்க' கேட்டுச் சிரிப்போம். மூன்று மணி தாண்டி இருட்டத் தொடங்கியிருந்தது. அடுப்பில் இரண்டு சட்டி, ஒவனில் கட்லெட், கிரைண்டரில் வடைக்கு உழுந்து, அறைகளில் ஹீற்றர்கள். பாலாஜி தேநீருக்குக் கேத்தில் பிளக்கைப் போட்டான். எங்கள் வீடு முழுவதும் இருண்டது. பிரதான பியூஸ் போய்விட்டது.

இவர் மெழுகுதிரி தேடப் போனார். பாலாஜி சமையலறை யன்னலடியில் நின்றான்.

"அக்கா, அது மட்டும் எப்படிங்க ஓடுது?" என்றான்.

நான் போய்ப் பார்த்தேன். பனிக்கு நடுவே குளம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பம்பின் குமிழ்கள் வந்துகொண்டிருந்தன. கொட்டில் சுவரில் ஹீற்றரின் சிவப்பு விளக்கு எரிந்தது.

கையில் உழுந்து மாவோடு அப்படியே நின்றேன். மீட்டருக்கு முன்னால் கோட்டோடு இருக்கும் சோல்வை என் கண்ணுக்குள் வந்தார். அந்தச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது எங்கள் குளம்தான். பாலாஜி விளக்கிச் சொல்லத் தொடங்கினான், எனக்குத் தேவைப்படவில்லை.

6

பாலாஜி போன பிறகு வீட்டில் சண்டை. இவர் முகம் வெளிறிப்போயிருந்தார். பிளக்கைக் கழற்றிவிட்டார். அவ்வளவு போதும், இனி அந்தப் பக்கம் போகவேண்டாம், யாருக்கும் தெரியாது என்றார். சொன்னால் கரண்ட் களவு என்றுதான் எழுதுவார்கள், பொலிசுக்குப் போகும், குடியுரிமை அதோடு சரி.

இவருடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வெளிநாடு வருவதற்காகக் கொழும்பில் காத்திருந்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்திருந்தோம். அங்கே அயன் பெட்டி போடக்கூடாது என்பது சட்டம். நாங்கள் போட்டதும் இல்லை. ஒரு மாதம் பில் கூடியது. வீட்டுக்காரர் இவரை வாசலில் நிறுத்தி, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, கரண்ட் கள்ளன் என்றார். கொழும்பில் தங்கும் தமிழர் அப்போது எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுக்கு அந்த ஆளின் கையெழுத்து வேண்டும். அதனால் இவர் வாய் திறக்கவில்லை. மேலே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார். அந்த முதுகு எனக்கு இன்னும் ஞாபகம்.

எனக்கும் பயம்தான். பேசாமல் விட்டுவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. பிளக்கைக் கழற்றியாயிற்று, சோல்வையின் பில் தானாகக் குறையும். ஆனால் அதற்குள் அவர் எங்கள் மாடியில் ஒரு கட்டிலுக்கு வந்துவிடுவார். தன் மூளை போய்விட்டதென்று நம்பிக்கொண்டு வருவார். அப்படி நம்பி வந்தவர்களுக்கு எவ்வளவு விரைவில் அது உண்மையாகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். அதை இவருக்குச் சொல்லவும் முடியவில்லை.

அபிரா மாடிப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே வந்தாள். பஸ் தரிப்பிடத்தில் சோல்வை தன்னிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டதாகச் சொன்னாள். சரியான கிழமையைத் தானே முதலில் சொல்லிவிட்டு, அது சரிதானா என்று கேட்டாராம்.

"அப்பா, அவ தன்னைத்தான் சோதிச்சுப் பாக்கிறா," என்றாள். நெடுநாளுக்குப் பிறகு தகப்பனோடு அவள் தமிழில் கதைத்தது அன்றுதான்.

இவர் என் பக்கம் திரும்பினார். அவவுக்கு நீர் சொல்லும், எனக்கு அந்தப் பாஷை இடறும் என்றார்.

7

அடுத்த ஞாயிறு, ரூனே வந்திருக்கும் நேரம் பார்த்து மூவரும் போனோம். சோல்வையின் வீட்டுக்குள் குளிர் வெளியே இருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நான் தொடங்கினேன், பாதியில் சொற்கள் தட்டுப்பட அபிரா முடித்தாள்.

ரூனே குறுக்கிட்டார். இது எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும் என்று கேட்டார். பொங்கலன்று என்றேன். அதற்கு முன் தெரியாதா, உங்கள் பில்லைப் பார்க்கவில்லையா என்றார். பார்த்தோம், சந்தோசப்பட்டோம் என்றேன். அதுதான் உண்மை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சோல்வை இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. எழுந்து வீடு முழுவதும் நடந்து, ஒவ்வொன்றாக அணைத்தார். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கையும் இழுத்தார். பிறகு மீட்டர் பெட்டியைத் திறந்து அதற்கு முன் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். அந்தச் சக்கரம் அசையாமல் நின்றது. இவரிடம் திரும்பி, போய்ப் போடு என்றார்.

இவர் பனிக்குள் ஓடினார். அபிரா யன்னலடியில் நின்று கைகாட்டினாள். சக்கரம் சுற்றத் தொடங்கியது, அதுவும் வேகமாக. சோல்வை பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றச் சொன்னார். அபிரா கையைக் கீழே போட்டாள். சக்கரம் நின்றது.

இன்னொரு முறை செய்யச் சொன்னார். பிறகு இன்னொரு முறை.

கடைசியில் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் அணைத்திருந்தேன், ரூனே," என்றார். "ஒவ்வொரு தடவையும் அணைத்திருந்தேன்."

ரூனே வாசலுக்குப் போய்க் காரில் ஏறியவர் அதை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் கொண்டுபோயிருந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்கிற சாட்டில் போனேன். கண்ணாடியை இறக்கி, நீ அங்கே வேலை செய்கிறவள், சொல், அம்மாவுக்கு ஒன்றுமில்லையா என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, ஆனால் இது அவருடைய பிழையில்லை என்றேன்.

8

பிறகு மின்கம்பி வேலைக்காரர் வந்தார். ஸ்பெயினுக்குப் போனவருக்குப் போன் எடுத்தோம். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தக் குளத்தை அவரும் சோல்வையின் கணவரும் சேர்ந்துதான் வெட்டினார்களாம். கோடையில் ஓடும் ஒரு சின்ன நீரூற்றுக்காக அந்தக் கணவர் தன் வீட்டிலிருந்து கம்பி இழுத்தார், பதிலுக்கு வீட்டை விற்றவர் பியர் வாங்கிக் கொடுப்பாராம். வீட்டை விற்கும்போது சொல்ல மறந்துவிட்டது என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பில் விசயத்தை அவரவர் பங்குக்கு ரூனேயோடு பேசி முடித்துக்கொண்டோம். பொலிஸ் வரவில்லை. குடியுரிமையும் கிடைத்தது.

சோல்வை இல்லத்துக்கு வரவில்லை. நாங்கள் பார்க்கும்போதெல்லாம் அவர் வீட்டு யன்னல்கள் வெளிச்சமாக இருந்தன.

குளத்துக்கு இப்போது ஹீற்றர் இல்லை. தங்கை இதைக் கவனமாக வாசிக்கட்டும். குளிர் தாங்கக் கட்டடங்களுக்குச் சுவரில் வைக்கும் தடித்த ரெஜிபோம் நுரைத் தகடுகளைக் குளத்தின் அளவுக்கு வெட்டி மிதக்கவிடுகிறோம். தகட்டை வெட்டித் தந்தவர் ரூனே. நடுவில் ஒரு ஓட்டை, அதற்கடியில் பம்ப். பம்பை அடிமட்டத்தில் வைக்கக்கூடாது, அடியில்தான் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் தங்குகிறது, மீன்கள் அதற்குள் அசையாமல் கிடந்து குளிரைக் கழித்துவிடும். சூடான குளத்தில் இருந்ததைவிட அவை இப்போது நன்றாக இருக்கின்றன. நாங்கள்தான் அவற்றைத் தூங்கவிடாமல் வைத்திருந்தோம் என்று இவர் கவலைப்படுகிறார்.

அபிரா படிப்புக்காக வேறு ஊருக்குப் போய்விட்டாள். போனில் நோர்வேஜிய மொழியில்தான் கதைக்கிறாள். ஏதும் சிக்கல் என்றால் மட்டும் தமிழுக்கு மாறுகிறாள். அதனால் அவள் தமிழில் 'அம்மா, என்ன செய்யிறீங்கள்' என்று தொடங்கினால் நான் முதலில் ஒரு கதிரையைத் தேடி இருந்துகொள்வேன்.

இந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் சோல்வை எங்கள் வாசல் மணியை அடித்தார். கோட்டுப் போட்டு, தலைவாரி, கைப்பையோடு நின்றார். உள்ளே வந்து இருந்து, தேநீரை முழுவதும் குடித்து முடித்தார்.

பிறகு, இந்தக் கிழமை இரண்டு தடவை அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரு தடவை சட்டி கருகியிருந்தது. மற்றத் தடவை, அவர் கடைக்குப் போய் வந்து பார்த்தபோது அடுப்பின் தட்டு சூட்டில் சிவந்திருந்தது.

எனக்கு என்னுடைய பழைய குணம் வந்துவிட்டது. வேறு யாராவது வந்து போட்டிருப்பார்களோ, அடுப்பின் சுவிட்சில் பிழையோ, வயரைப் பார்க்கச் சொல்லவா, இவரைக் கூப்பிடவா என்று அடுக்கினேன். சோல்வை என் கையை மேசையோடு அமர்த்திப் பிடித்தார்.

"இல்லை," என்றார். "இந்தத் தடவை நான்தான். எனக்கே தெரிகிறது. உங்கள் மாடியில் தெற்குப் பக்கம் பார்த்த அறை ஏதும் இருக்குமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ரூனேக்கு நான் போன் எடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டி, கைப்பையிலிருந்து தன் போனை எடுத்து, இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினார். மறுமுனையில் மகனின் குரல் கேட்டதும் நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். இரு என்று கண்ணால் காட்டினார். நான் இருந்தேன்.